அடுப்படி இல்லாத வீட்டுக்கு ஆயர் வந்தார்

"எல்லாரும் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு அடிச்சுக்கிடுதாங்க, இனி ஒண்ணும் உருப்படாது"ன்னு அந்தப் பேப்பரை மடிச்சு வச்சே பாரு, எனக்குச் சிரிப்பு வந்துட்டும்மா. உன்னைப் பாத்துச் சிரிக்கல. போன வருஷம் வரைக்கும் நானும் இதையேதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இதே வார்த்தைய. பஸ்சு போய்ச் சேர இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு. கேக்கியா? கேளு.

என் பேரு தெக்லா. ஊரு சேந்தன்துறை. கடக்கரை ஊரு. முந்நூறு வீடு, புனித பீட்டரு இருக்காருல்லா, அந்த இராயப்பருக்கு ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம். அவ்வளவுதான். ஆனா கொடிக்கம்பம் மட்டும் பதினாலு. எங்க கட்சி ஏழு, அந்தக் கட்சி ஏழு. ஒருத்தன் ஒண்ணு நட்டா மறுநாள் காலையில அடுத்தவன் ஒண்ணு நட்டுருவான்.

நான் கட்சிக்காரி இல்ல. அத முதல்லயே சொல்லிடுதேன். எங்க வீட்டுக்காரர் கஸ்பார்தான் கட்சி. நான் சும்மா மகளிர் அணித் தலைவி. அதுகூடப் பேருக்குத்தான்.

அஞ்சு வருஷம் முந்தி பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்க வீட்டுக்காரர் தலைவருக்கு நின்னாவ. சரி, நல்ல மனுசன், நிக்கட்டும். எதுத்து யாரு நின்னது தெரியுமா? என் கூடப் பொறந்தவ மெற்றில்டா இருக்காளே, என் ஒரே தங்கச்சி, அவ வீட்டுக்காரர் பிலவேந்திரன். சகலையும் சகலையும் எதுத்து எதுத்து நிக்காங்க. அவ வீடு எங்க வீட்டுக்கு நேர் எதுத்தாப்புல. நடுவுல தெரு. அவ வீட்டுக்குப் பொறத்தால கடல்.

நான் மெற்றில்டாகிட்டப் போய் நல்ல விதமாத்தான் சொன்னேன். "ஏட்டி, உன் மாப்பிள்ளைய வாபஸ் வாங்கச் சொல்லு. மூத்தவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா"ன்னு. அவ என்ன சொன்னா தெரியுமா? "அத்தான வாங்கச் சொல்லுக்கா, எளையவனுக்கு ஒரு வாய்ப்பு வேண்டாமா"ன்னா. பாத்தியா பேச்சை! நான் அதுக்குப் பொறவு ரெண்டு வார்த்தை கூடுதலாச் சொன்னேன். அவ மூணு வார்த்தை கூடுதலாச் சொன்னா. அன்னைக்கு நின்னது பேச்சு.

தேர்தல் என்ன ஆச்சு? ரெண்டு பேரும் தோத்தாச்சு. எங்க ஊரு ஓட்டு நேர் பாதியா உடைஞ்சுது. மேற்க, உள்நாட்டுல ஒரு சின்ன ஊரு எங்க பஞ்சாயத்துலதான் இருக்கு. அங்கன நின்ன ஒருத்தர் சத்தமில்லாம ஜெயிச்சுட்டுப் போயிட்டாவ. இது முழுக்க மெற்றில்டா பிடிவாதத்தால வந்த வினை. நான் என்ன செய்ய முடியும், சொல்லு.

அதுக்குப் பொறவு ஊருல எல்லாமே ரெண்டு. டீக்கடை ரெண்டு. வலை காயப்போடுத எடம் ரெண்டு. கோயில்ல ஆம்பளைக ஒரு பக்கம், பொம்பளைக ஒரு பக்கம் உக்காருவோம் இல்லையா? அது போயி, அந்தக் கட்சி வலப்பக்கம், எங்க கட்சி இடப்பக்கம். திருவிழாவுல சப்பரத்த யாரு முன்னால தூக்குததுன்னு தகராறு வந்து, ரெண்டு வருஷமா சப்பரமே வெளிய வரல. இராயப்பர் உள்ளயே இருந்தாரு. பங்குச்சாமி ஒருத்தர் மாத்தல் கேட்டுப் போயிட்டாவ. அடுத்து வந்தது சின்ன வயசுச் சாமி, லாசர் சாமி. அவிய பிரசங்கத்துல வலப்பக்கம் எத்தனை தடவை பாக்காவ, இடப்பக்கம் எத்தனை தடவை பாக்காவன்னு எண்ணுததுக்கே ஆளு இருந்துச்சு. நான் எண்ணினது கெடையாது. சொல்லக் கேட்டிருக்கேன்.

இதெல்லாம் போகட்டும். கடல் எங்க ஊரைத் தின்னுக்கிட்டிருக்கு. வருஷா வருஷம் ஆடியில கரையை அரிச்சு எடுத்துட்டுப் போகுது. கல்லப் போட்டு கடலுக்குள்ள வளைவா ஒரு சுவரு கட்டுனா அலை அடங்கும். தூண்டில் வளைவுன்னு சொல்லுவாங்க. பக்கத்து ஊருகள்ல எல்லாம் போட்டாச்சு. எங்களுக்கு ஏன் போடலன்னா, எங்க வீட்டுக்காரர் ஊருக்கு வடக்க போடணும்னு ஒரு மனு குடுத்தாவ. பிலவேந்திரன் தெக்க போடணும்னு ஒரு மனு குடுத்தாவ. அதிகாரிங்க ரெண்டையும் பாத்துட்டு, "முதல்ல உங்களுக்குள்ள பேசி முடிச்சுட்டு வாங்க"ன்னுட்டாவ. பேசுததா? நாங்களா?

போன ஆடியில ஒரு நாள் மத்தியானம் அலை ஏறி வந்து மெற்றில்டா வீட்டு அடுப்படிய எடுத்துட்டுப் போச்சு. சுவரு, கூரை, அம்மி, சட்டி பானை எல்லாம். நல்லவேளை, அவ அப்பம் முன்னறையில இருந்தா. நான் எங்க வீட்டு ஜன்னல்ல நின்னு பாத்தேன். ஊரே ஓடுச்சு. நான் மெழுகுதிரி ஏத்தி ஒரு செபமாலை சொன்னேன்.

போகல.

போயிருக்கலாம். செருப்பைக்கூட மாட்டிட்டேன். அவ வாசல்ல அந்தக் கட்சிக்காரப் பொம்பளைக கூட்டமா நின்னாளுக. சரி, செபமாலை சொன்னா போதும்னு திரும்பிட்டேன். அதை விடு.

அந்தச் சமயத்துலதான் எங்க மறைமாவட்டத்துக்குப் புது ஆயர், அதான் பிஷப்பு, வந்தாவ. ஆயர் ஞானதிக்கம். கரிசக்காட்டுப் பக்கத்து ஆளு, பருத்தி வெதைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. பேரு அறிவிச்ச அன்னைக்கே எங்க ஆளுங்க விசாரிச்சு, அவிய பெரியப்பா எங்க கட்சியில அந்தக் காலத்துல கிளைச் செயலாளரா இருந்தாருன்னு கண்டுபிடிச்சாங்க. அந்தப் பக்கம் விசாரிச்சு, அவிய தாய்மாமன் அவங்க கட்சின்னு கண்டுபிடிச்சாங்க. ரெண்டு டீக்கடையிலயும் அன்னைக்கு மிட்டாய் குடுத்தாங்க.

பதவியேத்த பூசைய டிவியில காட்டுனாங்க. ஆளு கறுப்பா, குட்டையா, பெரிய கண்ணாடி போட்டுக்கிட்டு. பிரசங்கம் பெருசா ஒண்ணுமில்ல. தொண்டையச் செருமிட்டு, "உங்க தெருவுல நீங்க பேசாம இருக்குறவங்க யாரு? இந்த வாரம் அவங்க வீட்டுப் படியேறிப் போங்க. நீங்க போகலைன்னா வேற யாரு போவாங்க?"ன்னு கேட்டாவ.

எனக்கு மெய் சிலுத்துப் போச்சும்மா. மெற்றில்டாவுக்குன்னே சொன்ன மாதிரி இருந்துச்சு! "நல்லாக் கேளுட்டி"ன்னு டிவி சத்தத்தக் கூட்டி, ஜன்னலையும் திறந்து வச்சேன். பாத்தா எதுத்த வீட்டுலயும் சத்தம் கூடுது. அவளும் ஜன்னலத் திறந்து வச்சுக்கிட்டு என் பக்கம் பாக்கா. ரெண்டு வீட்டு டிவியும் தெருவுல மோதுது. அந்த வாரம் யாரும் யாரு வீட்டுப் படியும் ஏறல. அவ வருவான்னு நான் காத்திருந்தேன்.

தை மாசம் ஆயர் கடக்கரை ஊரு ஒவ்வொண்ணுக்கும் வாறாவன்னு சேதி வந்தது. யாரும் பேனர் வைக்கக் கூடாது, பொன்னாடை கூடாது, வெடி கூடாதுன்னு கடுதாசி. சரி, சாப்பாடு? அதுதான் எனக்கு முக்கியம். எங்க ஊருக்கு எந்தச் சாமி வந்தாலும் மத்தியானச் சாப்பாடு எங்க வீட்டுலதான். கோயில்ல செபக் கூட்டம் நடத்துத மரியாயின் சேனைக்குத் தலைவி நான்தானே. மீனுக்குச் சொல்லி வச்சு, தரை கழுவி, நாற்காலிக்குப் புது உறை போட்டு முடிச்சுட்டேன். அப்பம் லாசர் சாமி தயங்கித் தயங்கி வந்து நிக்காவ.

"தெக்லாம்மா, ஆயர் போன்ல பேசினாவ. கடல் எடுத்த வீடு ஏதாவது இருக்கான்னு கேட்டாவ. இருக்குன்னேன். அங்கதான் சாப்பிடுவேன்னுட்டாவ."

"யாரு வீட்டுல?"

"உங்க தங்கச்சி வீட்டுல."

"அங்க அடுப்படியே கெடையாதே சாமி!"

"அதனாலதானாம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீயே சொல்லு. ரெண்டு நாள் நான் ஒழுங்காச் சோறு திங்கல. மெற்றில்டா வாசல்ல கல்லக் கூட்டி அடுப்பு வச்சு ஆக்கிக்கிட்டிருந்தா, அந்த ஆறு மாசமா. அதுல ஆயருக்குச் சமைக்கப் போறா. அவளுக்குப் புளி கை தாராளம். சின்னதுல இருந்தே அப்படி. எங்கம்மா சொல்லிச் சொல்லிப் பாத்தாவ. ஒரு ஆயர் எங்க ஊருக்கு முதமுதலா வந்து, பல்லு கூசுத குழம்பைச் சாப்பிட்டுட்டுப் போனா ஊரு மானம் என்னாகுது? கட்சியெல்லாம் பொறவு. ஊரு மானம் இருக்குல்லா?

அதனால ஒரு சட்டி பாறைமீன் குழம்பு வச்சேன். ஊருக்காக.

ஆயர் பூசை முடிஞ்சு பன்னெண்டரைக்கு அவ வீட்டுக்குள்ள போறத ஜன்னல்ல பாத்தேன். சேலைத் தலைப்பால சட்டியப் பிடிச்சுக்கிட்டுத் தெருவத் தாண்டினேன். எட்டே எட்டு எட்டுதான். எம்மா, என்னா தூரம்! ரெண்டு பக்கமும் ஆளுக வேடிக்கை பாக்காங்க. எங்க வீட்டுக்காரர் பின்னாலயே வந்து, "நான் தெருவுல நிக்கேன், உள்ள வரமாட்டேன்"னாவ.

முன்னறையத் தாண்டி உள்ள போனேன். நான் அடுப்படி இருக்கும்னு காலெடுத்து வச்ச எடத்துல கடல் இருக்கும்மா. சுவரு இல்ல, ஒண்ணும் இல்ல. மணலு, அதுக்கு அங்கிட்டு தண்ணி. பொறந்த வீட்டுல நாங்க ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்தவளுக. அவ இப்படியா ஆறு மாசம் இருந்திருக்கான்னு நெனைச்சேன். சட்டி சுட்டுச்சு. அதுதான் கண்ணுல தண்ணி வந்துச்சு.

மெற்றில்டா என்னைப் பாத்தா. சட்டியப் பாத்தா. ஒரு மணைப் பலகையத் தள்ளி வச்சா. அதுல சட்டிய இறக்கினேன்.

ஆயர் மணல்ல பாய் விரிச்சு உக்காந்திருந்தாவ. நான் ஆயரைப் பாத்து, "தோத்திரம் ஆண்டவரே, இது பாறைமீன் குழம்பு, புளி அளவா இருக்கும்"னேன். மெற்றில்டா முகம் சுருங்கிப் போச்சு. அவ வெளமீன் குழம்பு வச்சிருந்தா. கரிசக்காட்டு ஆளுக்கு மீன் திங்குத முறை தெரியுமா? ரெண்டு குழம்பையும் ஒரே சோத்துல ஊத்தி, சாம்பாருக்குப் பெசையுத மாதிரி பெசஞ்சு, உருட்டி வாயில போட்டாவ. நாங்க வாயத் திறக்குததுக்குள்ள முள்ளு தொண்டையில மாட்டிக்கிட்டு.

கண்ணு பிதுங்குது. முகம் செவக்குது. லாசர் சாமி, "ஐயோ, ஐயோ"ங்காவளே தவிர ஒண்ணும் செய்யல. நான் கத்தினேன்: "ஏட்டி, வெறுஞ்சோத்த உருட்டிக் குடு!"

"பழம் குடுக்கா, பழம்! உன் கையிக்குப் பக்கத்துலதான் இருக்கு!"

"முதுகத் தட்டுட்டி!"

"ஆயரையா?"

"தட்டுட்டி!"

அவ தட்டுனா. வயலு வேலை செஞ்ச முதுகு, தாங்குச்சு. நான் வாழைப்பழத்த வாயில திணிச்சேன். அவ சோத்து உருண்டையத் திணிச்சா. ஆயர் கண்ண மூடி விழுங்கினாவ. கொஞ்ச நேரம் அசைவே இல்ல. பொறவு "முள்ளு போயிட்டு"ன்னாவ. அப்படியே சிரிக்க ஆரம்பிச்சாவ. கண்ணாடியக் கழட்டித் துடைச்சுத் துடைச்சுச் சிரிக்காவ. மெற்றில்டா என் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. எப்பம் பிடிச்சான்னு தெரியல. நானும் உதறல.

அந்த முள்ளு யாரு குழம்புல இருந்து வந்துதுன்னு இன்னைக்கு வரைக்கும் தீர்ப்பாகல. என் பாறைமீன்ல அப்படி முள்ளு கெடையாது. அதச் சொல்லிடுதேன்.

சாப்பிட்டு முடிச்சு ஆயர் அங்கனயே மணல்ல கால நீட்டி உக்காந்து கடலப் பாத்தாவ. "எனக்குக் கம்மாய் தெரியும், கடல் தெரியாது. இந்த மண்ண அது எந்தப் பக்கமா வந்து தூக்கிட்டுப் போகுது?"ன்னு பிலவேந்திரன்கிட்டக் கேட்டாவ. பிலவேந்திரன் சொல்ல ஆரம்பிச்சார். "கச்சான் காத்துக் காலத்துல, ஆடி ஆவணியில, நீரோட்டம் தெக்க இருந்து வரும் சாமி..." தெருவுல நின்ன எங்க வீட்டுக்காரருக்குப் பொறுக்கல. உள்ள வந்துட்டாவ. "அது பாதிதான் சாமி. வாடைக் காலத்துல வடக்க இருந்து திருப்பி அடிக்கும். அத இவன் சொல்லல."

"அத நான் சொல்ல வந்தேன், அதுக்குள்ள நீங்க வந்துட்டீய."

"எங்க சொன்ன?"

ரெண்டு பேரும் மணல்ல குத்துக்கால் வச்சு உக்காந்து விரலால கோடு போடுதாங்க. இவரு போட்டத அவரு அழிக்காரு. அவரு போட்டத இவரு அழிக்காவ. நாப்பது வருஷம் கடல்ல கெடந்த ஆளுக, பேசுனா பேச்சு நிக்குமா? ஆயர் நடுவுல நடுவுல "அப்படின்னா?"ன்னு மட்டும் கேட்டாவ. ஒரு மணி நேரம். கடைசியில பாத்தா, ரெண்டு பேரு கோடும் ஒரே எடத்துல வந்து நிக்கு. வடக்கயும் இல்ல, தெக்கயும் இல்ல. கோயிலுக்கு நேரே, கல்லறைத் தோட்டத்து முனையில இருந்து தொடங்கணும். ரெண்டு பேரும் அதப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. எங்க வீட்டுக்காரர் மெதுவா, "இது உனக்கு முன்னாலயே தெரியுமாலே?"ன்னாவ.

பிலவேந்திரன், "உங்களுக்கும் தெரியும்லா அத்தான்"னார்.

 

ஆயர் எழும்பி மண்ணத் தட்டிக்கிட்டு, "கல்லு கொண்டு வர எனக்கு அதிகாரம் கெடையாது. உங்ககிட்ட பொய் சொல்லமாட்டேன். ஆனா வரிசையில நிக்கத் தெரியும். மனுவ ஒண்ணா எழுதுங்க. திங்கக்கிழமை நானும் கூட வந்து நிக்கேன்"னாவ.

வந்தாவம்மா! கலெக்டர் ஆபீசுல டோக்கன் வாங்கி, நூத்தி எட்டாவது ஆளா. சர்க்கரை உள்ள ஆளு, பதினோரு மணிக்கெல்லாம் பசியில சிடுசிடுன்னு ஆயிட்டாவ. லாசர் சாமி பிஸ்கட் குடுத்தா, "இது இனிப்புல்லா, வேற இல்லையா?"ன்னு எரிஞ்சு விழுந்தாவ. உள்ள இருந்து ஒருத்தர் ஓடி வந்து முன்னால வரச் சொன்னா, "எனக்கு முன்னால நூத்தி ஏழு பேரு நிக்காங்கய்யா"ன்னுட்டாவ. மனு வாங்குதவர் மூணு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, "இது எந்தக் கட்சி மனு?"ன்னு கேட்டிருக்கார். எங்க வீட்டுக்காரரும் பிலவேந்திரனும் ஒரே நேரத்துல "ஊரு மனு"ன்னு சொல்லியிருக்காங்க. வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர் அத என்கிட்ட நாலு தடவை சொன்னாவ. 

உடனே எல்லாம் நடந்துட்டுன்னு சொல்லமாட்டேன். அளக்க வந்தாவ, போனாவ, திரும்ப வந்தாவ. பங்குனியில ஒண்ணும் காணோம்னு ரெண்டு டீக்கடையிலயும் முணுமுணுத்தாங்க. சித்திரை கடைசியில முதல் லாரி கல்லு வந்து இறங்கிச்சு. ஊரே போய் அந்தக் கல்லத் தொட்டுப் பாத்துச்சு. இந்த ஆடியில அலை வந்து அந்தக் கல்லுல மோதிச் சிதறுனத நான் மெற்றில்டா வீட்டுல உக்காந்து பாத்தேன். பாதிதான் கட்டியிருக்கு. ஆனாலும் தண்ணி வாசப்படிக்கு வரல. ஆனி மாசம் திருவிழாவுல இராயப்பரும் வெளிய வந்தாரு. முன்னால யாரு தூக்குததுன்னு கொஞ்சம் சத்தம் வந்துச்சு. வராம இருக்குமா? தெரு முனை வரைக்கும் இவங்க, அதுக்குப் பொறவு அவங்கன்னு முடிச்சாங்க.

கொடிக்கம்பம் பதினாலும் அப்படியேதான் நிக்கு. அந்தக் கட்சி செய்யுத தப்பெல்லாம் நான் இன்னைக்கும் சொல்லுவேன். அவளும் எங்க கட்சியச் சொல்லுவா. ஆனா இப்பம் என் அடுப்படியில நின்னு சொல்லுதா. அவளுக்குப் புது அடுப்படி கட்டி முடிக்குத வரைக்கும் ரெண்டு வீட்டுக்கும் ஒரே எடத்துலதான் சமையல். புளிய மட்டும் நான் எடுத்து ஒளிச்சு வச்சிருக்கேன்.

இப்பம் திரும்பத் தேர்தல் வந்துட்டுல்லா. எங்க ஆம்பளைக ரெண்டு பேரும் மறுபடியும் சட்டைக்குக் கஞ்சி போட ஆரம்பிச்சாங்க. மறுபடியும் முதல்ல இருந்தான்னு இருந்துச்சு எனக்கு. அப்பம் பாரு, எங்க பஞ்சாயத்துத் தலைவர் பதவிய இந்தத் தடவை பொம்பளைகளுக்குன்னு ஒதுக்கிட்டாவ! ரெண்டு பேரும் கஞ்சி போட்ட சட்டையோட உக்காந்துட்டாங்க.

ராத்திரிச் சோத்துக்கு அரிசி களைஞ்சுக்கிட்டே மெற்றில்டா சொன்னா, "நீ நில்லுக்கா."

"எந்தக் கட்சியிலட்டி?"

"பஞ்சாயத்துக்குக் கட்சிச் சின்னம் ஏது? நீ நில்லு. நான் முன்மொழியுதேன்."

"எனக்கு என்னட்டி தெரியும்?"

"ஊரு முழுக்க வெரட்டத் தெரியும்லா. அது போதும்"னா.

அந்தா, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டுல, ஊதாச் சேலை கட்டி, ஜன்னல்ல தலையச் சாச்சுத் தூங்குதாளே, அவதான். பின்னால உக்காந்தா அவளுக்கு வாந்தி வரும். வேட்பு மனு குடுக்கத்தான் ரெண்டு பேரும் போறோம். ஜெயிப்பேனான்னு கேக்காத. போன தடவை ஜெயிச்ச மேற்கூரு ஆளு இந்தத் தடவை அவரு சம்சாரத்த நிறுத்தியிருக்காராம். நல்ல பொம்பளைன்னுதான் சொல்லுதாங்க. ஆயருக்கு எங்க ஊருல ஓட்டு இருந்தா எனக்குத்தான் போடுவாவ. அதுல எனக்குச் சந்தேகமே கெடையாது.

இந்தத் தாளப் பாரேன். மடக்காமப் பிடி. மேல வேட்பாளர், தெக்லா. கீழ முன்மொழிபவர், மெற்றில்டா. அவ கையெழுத்து இன்னும் அப்படியேதான் கோணிக்கிட்டுப் போகுது. எங்க ரெண்டு பேரு பேரும் ஒரே தாளுல இருந்தது எங்கம்மா ரேஷன் கார்டுல. நான் கல்யாணமாகி வந்தப்பம் என் பேரை அதுல அடிச்சாங்க. அன்னைக்கு அவ அழுதா. முப்பத்தாறு வருஷம் ஆச்சு.

குடு, பத்திரமா வச்சுக்கிடுதேன். எறங்குத எடம் வந்துட்டு. ஏட்டி மெற்றில்டா! எழும்பு, எழும்பு!